ஸ்லோட்டி எடுப்பதில்லை

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி.
உட்லண்ட்ஸ் ரயில் நிலையத்தடியில் ரிங்கிட்டுக்கு வரிசை.
பாலம் கடந்தால் மீன் மலிவு, முடிவெட்டு மலிவு,
கார் கழுவுவதும் மலிவு.
கண்ணாடிக்குப் பின்னால் நான் நோட்டு எண்ணுகிறேன்,
விரலுக்கு ஈரப் பஞ்சு,
மடியில் கைப்பேசி,
அதில் பன்னிரண்டு நாடுகளின் கல்விக் கட்டணம்.

மலிவு என்ற சொல்லை
எங்கள் வீட்டில் மீனுக்குச் சொல்லலாம்.
படிப்புக்குச் சொன்னால்
வாப்பா முகத்தைத் திருப்பிக்கொள்வார்,
பெருநாளுக்கு நான் பழைய துணி கேட்டதைப்போல.

பாலிடெக்னிக்கில் உணவு அறிவியல்.
சராசரி இரண்டு புள்ளி ஒன்பது ஒன்று.
உள்ளூர்ப் பல்கலைக்கழகங்கள் ஆறும்
ஆறு மரியாதையான மின்னஞ்சல்களில்
கையை விரித்துவிட்டன.
உம்மாவின் சேமநிதியில் பணம் உண்டு.
உள்ளூர்ப் படிப்பென்றால் கதவு திறக்கும்,
கடல் தாண்டினால் தாழ்ப்பாள்.
ஆக, பணம் இருக்கிறது.
இல்லை.

கண்காட்சியில் ஒரு முகவர்
துணிப்பையும் பேனாவும் தந்து
பட்ஜெட் எவ்வளவு என்றார்.
சொன்னேன்.
பையைத் திருப்பிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பெர்த்தில் ஓராண்டுக்கு
எங்கள் வீவக வீட்டின் மூன்றாண்டுத் தவணை.
ஜெர்மனியில் கட்டணமே இல்லாத இடங்கள் உண்டாம்,
ஆனால் ஒரு வருடச் செலவை
முன்கூட்டியே வங்கியில் பூட்டிக் காட்ட வேண்டும்.
தொடாமல் வைக்கிற பணம்
எங்களிடம் ஒருபோதும் இருந்ததில்லை.

கடைசியில் அகப்பட்டது போலந்தில்,
பெயரில் உயிரெழுத்துக்கே பஞ்சமான ஓர் ஊர்.
ஆங்கிலத்தில்தான் பாடம்.
பால்பொருள் தொழில்நுட்பம்.
விடுதி வாடகையில் வெப்பமும் சேர்த்தி.
இரண்டு முறை படித்தேன் அந்த வரியை.
வெப்பத்துக்குக் காசு கொடுக்கிறார்கள்!
இங்கே அதை வீட்டைவிட்டு விரட்டத்தான்
மாதாமாதம் மின்கட்டணம் கட்டுகிறோம்.

அன்றிலிருந்து விகிதப் பலகையை வேறு கண்ணால் பார்க்கிறேன்.
நான்காம் தசமத்தில் ஓர் எண் புரண்டால்
எனக்கு இரண்டாம் பருவம் சரிகிறது.
பலகையில் இருபத்துமூன்று கொடிகள்.
அந்தக் கொடி இல்லை.

இன்று எட்டரைக்கு,
தோளில் தூங்கும் குழந்தையோடு ஒருவர்
கசங்கிய இரண்டு தாள்களை நீட்டினார்.
"ஸ்லோட்டி எடுப்பதில்லை" என்றார் மீராசா காக்கா,
தலை நிமிராமல்.
"வாங்கி யாருக்கு விக்கிறது?"

என் பணப்பையைத் திறந்தேன்.
வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே
கடைக்கு லாபமில்லாத ஒரு விலை உண்டு.
அந்த விலைக்கு வாங்கினேன்.
ஊதா விளக்கின்கீழ் பிடித்துப் பார்த்தேன், பழக்கதோஷம்.
கள்ளத்தாள் இல்லை.
கிரீடம் வைத்த ஒரு தாடிக்காரர்
என்னை உத்தேசமாகப் பார்த்தார்.
"பைத்தியம்" என்றார் காக்கா,
இழுப்பறையைப் பூட்டியபடி.

வீட்டில், சாப்பாட்டு மேசையில், உப்பு ஜாடியருகே
தாள்களை நீவி வைத்தேன்.
இரவு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வாப்பா
துறைமுக அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி குனிந்தார்.
இருபது வருடமாகப் பளுதூக்கியின் உச்சியில் உட்கார்ந்து
பெட்டிகளை ஊர் ஊராக அனுப்புகிறவர்.
"எந்த நாடு?"
சொன்னேன்.
"கிடான்ஸ்க்குக்குப் பெட்டி ஏத்தியிருக்கேன்" என்றார்.
"போய்ச் சேர ஒரு மாசத்துக்கு மேல ஆகும்."
காலணி மாட்டினார். ஒன்றைக் கழற்றி மறுபடி மாட்டினார்.
கதவைப் பாதி திறந்துவிட்டு,

"அங்க ஒரு ரொட்டி என்ன விலை?"

பன்னிரண்டு நாடுகளின் கட்டணம் எனக்கு மனப்பாடம்.
இது தெரியவில்லை.
"பாத்துச் சொல்றேன் வாப்பா" என்றேன்.
மின்தூக்கி வரும்வரை
அவர் அங்கேயே நின்றிருந்தார்.